வாளையில் சேற்று வாடை, கரைந்துபோகும் துண்டு: ஆற்று மீனை வீட்டில் சமைப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் திருப்பூர். போன மாதம் பவானிசாகர் போயிருந்தபோது அணைக்குப் பக்கத்தில் நாலு கிலோ வாளை மீன் ஒன்று வாங்கி வந்தோம். கடல் மீனுக்கு வைக்கிற மாதிரியே குழம்பு வைத்தேன். ஒரே சேற்று வாடை. துண்டுகளும் கரைந்து குழம்போடு போய்விட்டன. இனி ஆத்து மீனே இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். அமெரிக்காவில் சாக்ரமெண்டோவில் இருக்கும் என் தம்பி, அங்கே ஸ்டர்ஜன் என்று ஒரு மீன் கிடைக்கிறது, முள்ளே கிடையாது, வாடையும் இல்லை என்கிறான். நம் ஊர் ஆற்று மீனில் அந்த ருசி வராதா? அவனும் அந்த மீனில் நம் ஊர்க் குழம்பு வைக்க முடியுமா என்று கேட்கிறான்.

பதில்: இரண்டுமே முடியும்ங்க. அத்தையிடம் இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்து ஆறுகளிலும் அணைகளிலும் பிடிபடுகிற மீன்களில் ருசிக்கு முதல் வரிசையில் வருவது வாளை. செதில் கிடையாது, கெண்டை வகைகளில் இருக்கிற பொடிமுள் தொல்லை அநேகமாகக் கிடையாது, சதையிலேயே நல்ல கொழுப்பு உண்டு. ஆனால் இது வஞ்சிரமோ சங்கராவோ இல்லை. சதை மிருது, கொழுப்பு அதிகம், வளர்ந்த இடம் ஆற்று மடு. இந்த மூன்றையும் மனதில் வைத்துச் சமைத்தால் வாடையும் வராது, துண்டும் உடையாது. குழம்பு அடுப்பில் ஏறுவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. அதனால் நானும் சுத்தம் செய்வதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மீன் சேற்றைத் தின்பதால் வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். வாளை சேறு தின்னாது. அது வேட்டை மீன். பகலில் மடுவின் அடியில் கிடந்துவிட்டு, இரவில் சின்ன மீன்களை விரட்டி விழுங்கும். வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள். தேங்கிய தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும், சேற்றில் இருக்கிற சில நுண்ணுயிரிகளும் இதை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் காட்டில் எழுகிற மண் வாசனையும் இதே பொருள்தான். மழையில் மணக்கிறது, குழம்பில் குமட்டுகிறது. மீன் இதைத் தண்ணீரிலிருந்து செவுள் வழியாக இழுத்துக்கொள்கிறது. போய்ச் சேருகிற இடம் கொழுப்பு. மனித மூக்குக்கு இது கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலும் தெரிந்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். ஒன்று, வாடை மீன் முழுக்க ஒரே அளவில் இருக்காது. கொழுப்பு சேர்கிற இடத்தில்தான் அதிகம். வயிற்றுப் பகுதி, தோலுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடுகிற கருஞ்சிவப்புச் சதை, இந்த இரண்டும்தான் முக்கியம். இரண்டாவது, ஜியோஸ்மின் புளிப்புக்குத் தாங்காது. புளிப்பு பட்டால் உருமாறி வாடையை இழந்துவிடும். ஆற்று மீனுக்குப் புளித்தண்ணி, மோர், எலுமிச்சை என்று நம் பாட்டிமார் ஏதாவது ஒன்றைக் கட்டாயம் வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

எப்போது வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசியில் அணையில் தண்ணீர் இறங்கி, வெயிலில் பாசி கட்டிக் கிடக்கும்போது பிடித்த மீனில் வாடை தூக்கலாக இருக்கும். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் சில வருஷம் பச்சைப் பாசி படர்ந்து ஊரே நாறுகிறது என்று செய்தி வருமே, அந்தச் சமயம் வாங்கவே வாங்காதீர்கள். நீலகிரியில் மழை பிடித்து பவானியிலும் மாயாற்றிலும் புதுத்தண்ணி வந்து பவானிசாகர் நிறைந்த பிறகு மீன் தெளிந்துவிடும். புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசி பிறந்ததும் எல்லா வீட்டிலும் மீன் வாசம் கிளம்பும். அங்கிருந்து தை வரைக்கும் ஆற்று மீனுக்கு நல்ல காலம். ஓடுகிற தண்ணீரில், அதாவது காவிரியிலோ பவானியிலோ பிடித்த மீன் கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி, வாங்கும்போது அது வாளைதானா என்று பாருங்கள். நீளமாக, தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் பட்டையாக ஒடுங்கும். வாய் கண்ணுக்கும் பின்னால் வரை கிழிந்திருக்கும், உள்ளே ஊசி ஊசியாகப் பல். மீசை இரண்டு ஜோடி. முதுகில் ஒரே ஒரு சின்னத் துடுப்பு, அதில் முள் இருக்காது. அடிவயிற்றிலிருந்து வால்வரை மட்டும் நீளமாக ஒரு துடுப்பு ஓடும். முதுகுத் துடுப்பே தலையிலிருந்து வால்வரை ஓடி, மீசை நாலு ஜோடி இருந்தால் அது கெளுத்தி வகை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் சில இடங்களில் அப்படிக் கமுக்கமாக விற்கிறார்கள், தள்ளிப் போய்விடுங்கள். முதுகுத் துடுப்பில் கெட்டியான முள்ளும், வாலுக்கு முன்னால் சதைக்குமிழ் மாதிரி இன்னொரு குட்டித் துடுப்பும் இருந்தால் அது பண்ணையில் வளர்க்கிற பங்கஸ். அதுவும் முள் குறைந்த மீன்தான், சாப்பிடலாம், ஆனால் வாளை விலை கொடுக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் வாளை என்று வெள்ளி நாடா மாதிரி ஒரு மீன் விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நாலு கிலோ மீன் வேண்டாம். பெரிய மீனில் கொழுப்பும் அதிகம், அந்தக் கொழுப்பில் வாடையும் அதிகம். ஒன்றரை முதல் இரண்டரை கிலோ மீன் ஒரு வீட்டுக்கு ஏற்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாளை இப்போது குறைந்துகொண்டு வருகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிய வாய்ப்புள்ள இனமாக வைத்திருக்கிறார்கள். மழைக்காலத் தொடக்கத்தில்தான் இது முட்டையிடும். அந்தச் சமயத்தில் வயிறு புடைத்த சினை மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஒரு கை நீளம்கூட வராத குட்டியையும் வாங்காதீர்கள். நாம் வாங்கவில்லை என்றால் பிடிப்பதும் குறையும்.

புது மீனா என்று பார்ப்பது எல்லா மீனுக்கும் உள்ள மாதிரிதான். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். வாளைக்கு ஒன்று கூடுதலாகப் பாருங்கள்: வயிறு. விழுங்கின மீன் செரிக்காமல் உள்ளேயே இருக்கும். பிடித்து நேரமாகிவிட்டால் அதுதான் முதலில் கெடும், கூடவே வயிற்றுச் சதையையும் கெடுக்கும். வயிறு தொளதொளவென்று இருந்தால் வேண்டாம். நல்ல மீனாக இருந்தாலும் அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பவானிசாகரிலிருந்து திருப்பூர் வர எப்படியும் ஒன்றரை, இரண்டு மணி நேரம். பாலித்தீன் பையில் கட்டி வண்டி டிக்கியில் வெயிலில் வைத்துக் கொண்டுவந்தால், எவ்வளவு நல்ல மீனும் வழியிலேயே பாதி செத்துப்போகும். ஒரு தெர்மாகோல் பெட்டியும் மீன் எடைக்குச் சமமாக ஐஸும் எடுத்துப் போங்கள். போன தடவை துண்டு கரைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு உக்கடம் மார்க்கெட்டிலும் அணை மீன் வரும். அங்கே காலையில் சீக்கிரம் போனால்தான் உண்டு.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. வாளையின் மேல் வழவழவென்று ஒரு கோழை இருக்கும். முதலில் போக வேண்டியது அதுதான். விறகடுப்பு இருக்கிற வீடு என்றால் சலித்த சாம்பலைப் பூசி, சொரசொரப்பான கல்லில் வைத்துத் தேய்த்தால் வெள்ளையாகத் திரண்டு வந்துவிடும். எங்கள் வீட்டில் பொடக்காலியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மீனுக்கென்றே ஒரு கல் கிடக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு கைப்பிடி கல் உப்பும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் வைத்துத் தேய்க்கலாம். கை வழுக்காமல் மீன் கையில் நிற்கிற வரை விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தால் கோழை கையை விட்டே போகாது. உலர்வாகத் தேய்த்து, கடைசியில் கழுவ வேண்டும்.

அப்புறம் வயிறு. பித்தப்பை ஈரலை ஒட்டிப் பச்சையாக இருக்கும், உடையாமல் எடுத்துத் தூரப் போடுங்கள். உடைந்தால் அந்த இடமே கசக்கும். இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்லா, ரோகு மாதிரி கெண்டை வகை மீன்களின் பித்தப்பையைச் சர்க்கரைக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது என்று பச்சையாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது விஷம். அப்படி விழுங்கி சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள், வீட்டில் பெரியவர்கள் யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

குடலை எடுத்த பிறகு வயிற்றுக் குழியை வெளிச்சத்தில் பாருங்கள். நடுமுள்ளை ஒட்டி நீளமாக, உறைந்த ரத்தம் மாதிரிக் கருஞ்சிவப்பில் ஒரு பட்டை இருக்கும், மேலே மெல்லிய சவ்வு. மீன் வெட்டிக் கொடுப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இதை அப்படியே விட்டுவிடுவார்கள். கத்தி முனையால் சவ்வைக் கீறி, ஒரு சின்னக் கரண்டிக் காம்பால் தலையிலிருந்து வால்பக்கமாக இழுத்தால் கொழகொழவென்று வந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். கவிச்சியில் பெரும்பங்கு இந்த ஒரு வேலையில் போய்விடும்.

இப்போது வெட்டுவது. குழம்புக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் குறுக்காக வெட்டுங்கள். மெல்லிசாக வெட்டினால் உடையத்தான் செய்யும். தோலை உரிக்க வேண்டாம், குழம்பில் துண்டை ஒன்றாகப் பிடித்து வைப்பது அந்தத் தோல்தான். வெட்டின துண்டைப் பார்த்தால் தோலுக்கு உள்ளே பக்கவாட்டில் கருஞ்சதை தெரியும். மீனை மோந்து பார்த்து வாடை அடித்தால் அந்தக் கருஞ்சதையைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிடுங்கள். வயிற்று மடிப்பில் மஞ்சள் கொழுப்பு திரண்டிருந்தால் அதையும் சுரண்டிவிடலாம். வாடை இல்லாத மீன் என்றால் தொடாதீர்கள், ருசியே அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது ஊற வைப்பது. இதில் வரிசை முக்கியம். முதலில் புளிப்பு, பிறகு உப்பு. ஒரு கிலோ துண்டுக்கு ஒரு டம்ளர் புளித்த மோரோ நீர்த்த புளிக்கரைசலோ ஊற்றிப் பிரட்டி இருபது நிமிஷம் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், மேற்சதை வெந்த மாதிரி வெளுத்துவிடும். அலசி வடித்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பை நுணுக்கி, ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளோடு சேர்த்துத் தடவி, சல்லடையிலோ ஓட்டைத் தட்டிலோ சாய்வாக அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். ஈரோட்டு மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்து வைத்திருக்கிற வீடு என்றால் ரொம்ப நல்லது, அந்த வாசமே பாதி வேலை செய்யும். உப்பு சதையிலிருக்கிற தண்ணீரை இழுத்துவிடும். கீழே சொட்டி நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சதை இறுகிவிடும். வாளைத் துண்டு குழம்பில் கரைவதற்கு இந்தத் தண்ணீர்தான் காரணம். கடல் மீனுக்கு இந்த அரை மணி நேரம் தேவைப்படாது, வாளைக்குக் கட்டாயம் தேவை. லேசாக ஒரு அலசு அலசி, துணியால் ஒற்றி எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பில் உப்பைக் குறைத்துப் போட மறக்காதீர்கள்.

குழம்புக்கு வருவோம். நம் பக்கத்துக் குழம்பில் மல்லியும் சின்ன வெங்காயமும்தான் நிற்கும், புளி பின்னால் நிற்கும். ஒரு கிலோ மீனுக்கு: மல்லி நாலு மேசைக்கரண்டி, வரமிளகாய் பத்து, மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி. எல்லாவற்றையும் தனித்தனியாக, சின்னத் தீயில், எண்ணெய் இல்லாமல் வறுங்கள். மல்லி நிறம் மாறுவதற்கு முன்னால் வாசம் வரும், அப்போதே இறக்கிவிட வேண்டும். கருகினால் குழம்பு கறுத்துக் கசக்கும். சின்ன வெங்காயம் கால் கிலோ. அதில் பாதியைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, வறுத்த சாமானோடும் கால் மூடித் தேங்காயோடும் சேர்த்து அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மியில், இல்லாவிட்டால் மிக்ஸியில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, விழுதாக.

மண்சட்டியில் செக்குக் கடலை எண்ணெய் அஞ்சு மேசைக்கரண்டி. வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, மிச்ச வெங்காயம், பதினைந்து பல் பூண்டு, நறுக்கின தக்காளி இரண்டு என்று வரிசையாக வதக்குங்கள். அரைத்த விழுதைப் போட்டு ஓரத்தில் எண்ணெய் கசிகிற வரை பிரட்ட வேண்டும். சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் சேர்த்து, மீன் இல்லாமலேயே இருபது நிமிஷம் கொதிக்கட்டும். மீன் போட்ட பிறகு குழம்பைக் கொதிக்கவிட்டுக் கெட்டியாக்கலாம் என்று நினைத்தால் துண்டு காலி. மீன் இறங்குவதற்கு முன்பே குழம்பு முக்கால் பக்குவத்தில், உப்புப் புளி சரிபார்த்து, நிற்க வேண்டும்.

தீயைக் குறைத்து, கொதி அடங்கியதும் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரே வரிசையில் இறக்குங்கள். தலையும் கனமான நடுத்துண்டும் முதலில், இரண்டு நிமிஷம் கழித்து வால்துண்டும் வயிற்றுத் துண்டும். அதற்கப்புறம் கரண்டி அந்தச் சட்டிக்குள் போகக் கூடாது. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். ஓரத்தில் மெல்ல முட்டை விடுகிற சூட்டில் எட்டு முதல் பத்து நிமிஷம். நடுமுள்ளை ஒட்டின சதை கண்ணாடி மாதிரி தெரியாமல் வெளுத்திருந்தால் வெந்துவிட்டது. நன்னீர் மீனை அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது, ஒட்டுண்ணிகள் இருக்கலாம். இறக்கி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி மூடிவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறின பிறகு பரிமாறினால் துண்டும் இறுகும், சாறும் உள்ளே இறங்கும். மாங்காய்க் காலத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து, நாலு கீற்று புளிப்பு மாங்காய் போட்டால் வாளைக் கொழுப்புக்கு அவ்வளவு பொருத்தம்.

சோற்றுக்கு நல்லதுதான். ஆனால் இந்தக் குழம்புக்கு ராகிக்களியை மிஞ்ச எதுவும் கிடையாது. சூடான களி உருண்டையில் குழி பண்ணி, குழம்பை ஊற்றி, வயிற்றுத் துண்டை மேலே வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் மிச்சக் குழம்புக்கு இட்லியோ சந்தகையோ.

பிள்ளைகளுக்கு வறுவல்தான் பிடிக்கும். அதற்கு வால்பக்கத்துத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விலா முள் கிடையாது, நடுமுள் மட்டும்தான், அதையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். வறுவலுக்குத் தோலை உரித்துவிடுங்கள், வாடையில் கொஞ்சம் தோலோடு போகும். மிளகாய்த்தூள், மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து அரைத்து, எலுமிச்சைச் சாறும் இரண்டு ஸ்பூன் அரிசி மாவும் கலந்து தடவி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மேல்புறம் உலர்ந்திருந்தால்தான் எண்ணெய் தெறிக்காது. ஈரத்தோடு போட்டால் வாளை மாதிரித் தெறிக்கிற மீன் வேறு இல்லை. இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெயைத் தாராளமாக விட்டு, நடுத்தரத் தீயில் நாலஞ்சு நிமிஷம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் தானாகக் கல்லை விட்டு நகரும்போது ஒரே ஒரு முறை திருப்புங்கள். கொடிவேரியிலும் மேட்டூரிலும் பெரிய வடச்சட்டியில் முறுகப் பொரித்துத் தருவார்களே, அந்த முறை ஜிலேபிக்கும் ரோகுவுக்கும்தான் சரி. வாளையை அந்த அளவுக்கு முறுகவிட்டால் கொழுப்பெல்லாம் எண்ணெயோடு போய்ச் சக்கையாகிவிடும்.

வாளை கிடைக்காத வாரத்துக்கு விரால் இருக்கிறது. உயிரோடு தொட்டியில் போட்டு விற்பார்கள், சதை கெட்டி, முள் குறைவு, விலைதான் கூட. கட்லா, ரோகு வாங்கினால் சதைக்குள் கவட்டை வடிவில் பொடிமுள் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமராவதி அணைப் பக்கம் ஜிலேபிதான் அதிகம். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் அது, இன்றைக்கு நம் ஊர் மீனாகவே ஆகிவிட்டது. மலிவு, வறுவலுக்கு நல்லது. மேலே சொன்ன மோரும் உப்பும் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் தம்பிக்கு. ஸ்டர்ஜனுக்கும் வாளைக்கும் உறவு ஒன்றும் இல்லை. ஸ்டர்ஜன் மிகப் பழைய மீன் இனம். அதன் எலும்புக்கூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பு, அதனால்தான் முள்ளே இல்லை என்கிறார். உடம்பில் செதிலுக்குப் பதிலாக ஐந்து வரிசையில் எலும்புத் தகடுகள் பதிந்திருக்கும், தோல் சொரசொரவென்று இருக்கும். கேவியர் என்று பெரிய விலைக்கு விற்கிறார்களே, அது இதன் சினைதான். அந்தச் சினைக்காகவே காஸ்பியன் கடல் பக்கம் வேட்டையாடி அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. தம்பி இருக்கிற கலிஃபோர்னியாவில் வெள்ளை ஸ்டர்ஜனைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள், கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். பண்ணை மீன்தானா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சமைக்கும்போது வாளைக்கு நேர் எதிர். ஸ்டர்ஜன் சதை இறுக்கம், கோழிக்கறிக்குப் பக்கத்தில் வரும். அதனால் உப்பில் ஊறவைத்து இறுக்குகிற வேலை வேண்டாம், கரண்டி பட்டாலும் உடையாது. கவனிக்க வேண்டியது வறண்டுபோகாமல் இருப்பதுதான். ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டி, கொதி அடங்கின குழம்பில் போட்டு, வெந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். அதிகம் வெந்தால் ரப்பராகும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு மீனும் ஒன்று. ஸ்டர்ஜனிலும் தோலுக்கு அடியில் கருஞ்சிவப்புச் சதையும் மஞ்சள் கொழுப்பும் இருக்கும், சேற்று வாடை அங்கேதான் தங்கும். வாடையே இல்லை என்று தம்பி சொல்கிறார் என்றால், கடைக்காரர் அதைச் சீவிவிட்டுக் கொடுத்திருப்பார். முழுத் துண்டாக வாங்கினால் தோலை உரித்து, அந்தக் கருஞ்சதையை வெள்ளைச் சதை தெரிகிற வரை சீவிவிடச் சொல்லுங்கள். அங்கே வறுவலுக்கு அடுப்பைவிடக் கரி நெருப்பு இன்னும் நன்றாக இருக்கும். நம் வறுவல் மசாலாவில் அரிசி மாவை மட்டும் விட்டுவிட்டு, கொஞ்சம் எண்ணெய் கலந்து தடவி, கம்பியில் கோத்து வாட்டலாம். செக்குக் கடலை எண்ணெயும் வறுத்தரைத்த மல்லிப் பொடியும் ஊரிலிருந்து போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், மிச்சமெல்லாம் அங்கேயே கிடைக்கும்.

மிச்ச மீனை எடுத்துவைப்பது பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உதவும். சுத்தம் செய்து மோரில் அலசின வாளைத் துண்டை ஃப்ரீசரில் வைப்பதானால் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கொழுப்பு மீன், அதற்கு மேல் சிக்கு வாடை வந்துவிடும். உப்பு தடவி வைக்க வேண்டாம், உப்பு அந்தச் சிக்கை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும். ஒரு வேளைக்கு வேண்டிய துண்டுகளைத் தனித்தனிப் பையில், காற்றை நன்றாகப் பிதுக்கி எடுத்துவிட்டுக் கட்டுங்கள். முந்தின ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் பதமாக இளகியிருக்கும், உப்பும் மஞ்சளும் அப்போது தடவிக்கொள்ளலாம்.